ட்ரெய்லரோடு றொக்கி மலை இறங்குவோர் கவனத்துக்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

குடும்பத்தோடு சிறிய ட்ரெய்லர் ஒன்றை இழுத்துக்கொண்டு றொக்கி மலைக்குப் போவது பற்றித் தங்கள் கோடைச் சிறப்பிதழில் வந்த கட்டுரையில் இடங்களும் படங்களும் நன்றாகவே இருந்தன. ஆனால், “5,000 இறாத்தல் இழுக்கும் எஸ்யூவி இருந்தால் 4,000 இறாத்தல் ட்ரெய்லர் தாராளம்” என்ற ஒரு வரியைப் பற்றி எழுதாமல் இருக்க முடியவில்லை. அதை நம்பி ரொறன்ரோவிலிருந்து புறப்படும் குடும்பத்துக்குக் கல்கரி தாண்டும்வரை ஒரு குறையும் தெரியாது. மனிற்றோபாவிலும் சஸ்காச்சுவானிலும் எதிர்க்காற்று பெற்றோலைக் குடிக்கும், அவ்வளவுதான். வில்லங்கம் தொடங்குவது பிரிட்டிஷ் கொலம்பியா எல்லையைத் தாண்டிய அடுத்த சில நிமிடங்களில்.

கல்கரி ஏற்கெனவே கடல் மட்டத்திலிருந்து 1,045 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. பான்ஃப் 1,383 மீற்றர். அங்கிருந்து லேக் லூயிஸ் தாண்டி 1,627 மீற்றர் உயரமுள்ள கிக்கிங் ஹோர்ஸ் கணவாய் வரை ட்ரான்ஸ் கனடா நெடுஞ்சாலை மெல்ல மெல்லத்தான் ஏறுகிறது. வாகனம் மூச்சு வாங்காது. “மலை என்று பயமுறுத்தினார்கள், இவ்வளவுதானா?” என்று ஓட்டுநர் நினைக்கும் இடத்தில் வீதி கவிழ்ந்து, ஃபீல்ட் என்ற சிற்றூர் வரை ஏறத்தாழ 370 மீற்றர் இறங்குகிறது. கிழக்கிலிருந்து போகிறவருக்கு முதற் சோதனையே இறக்கம்தான். எஞ்சின் எவ்வளவு இழுக்கும் என்ற கணக்கு அங்கே உதவாது.

இதே இடத்தில் ரயில்காரர்கள் பட்ட பாடு பிரசித்தம். 1884இல் 4.5 வீதச் சரிவில் தண்டவாளம் போட்டார்கள். இறங்கிய முதல் ரயிலே கட்டுமீறி ஓடி மூன்று தொழிலாளர் மாண்டனர். கட்டுமீறும் ரயில்களைத் திருப்பிவிட மேட்டுப் பக்கமாகக் கிளைத் தண்டவாளங்கள் போட்டுக் காலம் தள்ளி, கடைசியில் 1909இல் மலைக்குள்ளே சுருள் சுரங்கங்கள் குடைந்து சரிவை 2.2 வீதமாகக் குறைத்தார்கள். அந்தச் சுரங்கங்களைப் பார்க்க வீதியோரத்தில் ஓர் இடம் இருக்கிறது. ட்ரெய்லரோடு போகிறவர்கள் அங்கே ஒதுங்கினால் ரயிலைப் பார்ப்பதோடு தங்கள் சில்லுகளையும் ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொள்ளலாம்.

முதலில் 5,000 இறாத்தல், அதாவது 2,268 கிலோ என்ற எண் எப்படி வருகிறது என்று பார்ப்போம். டொயோட்டா ஹைலாண்டரின் பெற்றோல் மொடல், ஹொண்டா பைலட், கியா டெலுரைட் போன்றவற்றுக்கு இந்த எண்ணைத்தான் சொல்கிறார்கள். பல கொம்பனிகள் பின்பற்றும் ஜே 2807 என்ற சோதனை முறையில், அரிசோனாவில் டேவிஸ் டாம் ஏற்றம் எனப்படும் 18 கிலோமீற்றர் நீளமான வீதியில் கடும் வெயிலில் ஏசி போட்டபடி இழுத்துக் காட்ட வேண்டும். நல்ல சோதனைதான். ஆனால் வாகனத்துக்குள் கணக்கில் எடுக்கப்படுவது ஓட்டுநரும் பக்கத்தில் ஒருவரும் மட்டும், தலைக்கு 68 கிலோ. அம்மம்மா, அப்பப்பா, இரண்டு பிள்ளைகள், குளிர்பெட்டி, சோறு சமைக்கும் மின்பானை எதுவும் அந்தக் கணக்கில் இல்லை. ஏற்றத்தின் உச்சியும் சுமார் 1,100 மீற்றர்தான், றொக்கிக் கணவாய்களின் உயரம் அல்ல.

ஆகவே பார்க்க வேண்டிய எண் விளம்பரத்தில் இல்லை. ஓட்டுநர் கதவைத் திறந்தால் சட்டத்தில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில், ஆட்களும் சாமானும் சேர்ந்து இத்தனை கிலோவைத் தாண்டக் கூடாது என்று எழுதியிருக்கும். நடுத்தர எஸ்யூவிகளில் 650 கிலோ அளவில் இருப்பது வழக்கம். ஆறு பேர் கொண்ட குடும்பம் 335 கிலோ என்று வைத்துக்கொள்வோம். வாகனத்துக்குள் சாமான் 90. ட்ரெய்லரை மாட்டும் ஹிட்ச் இரும்புகள் 35. கூட்டினால் 460. மீதி 190 கிலோ. ட்ரெய்லர் தன் முன்பக்கத்தால் ஹிட்ச்சை அழுத்தும் பாரம் முழுவதும் இந்த 190க்குள் அடங்க வேண்டும்.

ஊரில் மாட்டுவண்டிலில் நெல் மூட்டை ஏற்றியவர்களுக்கு முன்பாரம், பின்பாரம் என்றால் விளக்கம் தேவையில்லை. பின்பாரம் கூடினால் நுகம் மேலே கிளம்பி மாட்டின் கழுத்தை இறுக்கும். முன்பாரம் கூடினால் மாடு கழுத்தில் சுமந்தே களைத்துப்போகும். ட்ரெய்லர் கடைகளில் ‘டங் வெயிட்’ என்பது இந்த முன்பாரமேதான். ட்ரெய்லரின் மொத்தப் பாரத்தில் 10 முதல் 15 வீதம் ஹிட்ச்சில் இறங்க வேண்டும். 12 வீதத்தை இலக்காக வைத்தால் நல்லது.

மொத்தப் பாரம் என்பதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். கையேட்டில் 1,400 கிலோ என்று போட்டிருப்பது தொழிற்சாலை வாசலில் நின்ற வெறும் பாரம். பட்டரி 25 கிலோ, நிரப்பிய 20 இறாத்தல் புரொப்பேன் சிலிண்டர் இரண்டு 34 கிலோ, தண்ணீர் 110 லீற்றர் என்றால் 110 கிலோ. படுக்கை, சட்டிபானை, மடக்குக் கதிரை, அரிசி பருப்பு, தண்ணீர்க் குழாய், கூடாரத் துணி எல்லாம் ஏறியபின் 1,850 கிலோவில் நிற்கும். அதில் 12 வீதம் 222 கிலோ. கொம்பனி சொன்ன இழுவை எல்லைக்கு இன்னும் 418 கிலோ இடமிருக்கிறது. ஆனால் கதவு ஸ்டிக்கரை 32 கிலோவால் மீறியாயிற்று. பின் அச்சும் ரயர்களும் எல்லையில் நிற்கும், முன்சில்லுகள் இலேசாகிவிடும். பிறேக் பிடிக்கும்போதும் வளைவில் திரும்பும்போதும் வேலை செய்வது முன்சில்லுகள்தான் என்பதால் இது மலையில் பெரிய விஷயம். அதே குடும்பத்துக்கு, ஏற்றியபின் 1,500 கிலோவைத் தாண்டாத ட்ரெய்லர் என்றால் முன்பாரம் 180 கிலோ. கணக்குப் பொருந்தும்.

ஊகிக்கத் தேவையில்லை. நெடுஞ்சாலையோர லொறித் தரிப்பிடங்கள் சிலவற்றில் காசு கட்டி நிறுக்கும் தராசு இருக்கிறது. எல்லோரும் எல்லாச் சாமானும் ஏறிய நிலையில் எஸ்யூவியைத் தனியாக ஒருமுறை நிறுங்கள். பிறகு ட்ரெய்லரை மாட்டி, எஸ்யூவியின் சில்லுகள் மட்டும் தராசில் இருக்கும்படி இன்னொருமுறை. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் முன்பாரம். பாரம் பகிரும் ஹிட்ச் இருந்தால் அதன் கம்பிகளைக் கழற்றிவிட்டு இதைச் செய்ய வேண்டும். இல்லாவிட்டால் எண் பொய் சொல்லும்.

அந்தப் பாரம் பகிரும் ஹிட்ச், ஹிட்ச்சில் விழும் பாரத்தில் ஒரு பங்கை நெம்பி முன்சில்லுக்குத் திருப்பிவிடும் கருவி. சில எஸ்யூவிகளின் கையேடு அதைக் கேட்கும், சில வேண்டாம் என்னும். கையேடு சொல்வதே முடிவு, கடைக்காரர் சொல்வதல்ல. பொருத்துகிறவர்கள் முன்சில்லுக்கு மேலே தகட்டின் விளிம்பு தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்று மூன்று தடவை அளக்க வேண்டும்: ட்ரெய்லர் இல்லாமல், மாட்டியபின், கம்பிகளை இறுக்கியபின். மாட்டியதும் 30 மில்லிமீற்றர் கிளம்பியிருந்தால், இறுக்கியபின் அதில் பாதியாவது திரும்பக் கீழே வர வேண்டும். முழுவதையும் திரும்பக் கொண்டுவர முயன்று அளவுக்கு மிஞ்சி இறுக்கினால் பின்சில்லுகள் பிடிமானம் இழக்கும். இந்தக் கருவி கதவு ஸ்டிக்கரின் எண்ணைக் கூட்டாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

அடுத்தது ட்ரெய்லரின் சொந்த பிறேக். மொத்தப் பாரம் 1,360 கிலோவை எட்டினால் பிறேக் வேண்டும் என்பது ஒன்ராறியோச் சட்டம். பிரிட்டிஷ் கொலம்பியாவில் 1,400 கிலோ. வாகனக் கையேடுகள் பல இதைவிடக் கண்டிப்பானவை, 1,000 இறாத்தலுக்கு மேலேயே பிறேக் கேட்கும். ட்ரெய்லரில் மின்பிறேக் இருந்தும் எஸ்யூவியில் ட்ரெய்லர் வயரை மாட்டும் 4 முனைச் சொக்கட் மட்டும் இருந்தால், விளக்குகள் எரியும், பிறேக் வேலை செய்யாது. 7 முனைச் சொக்கட்டும் ஓட்டுநர் கைக்கு எட்டும் இடத்தில் பிறேக் கன்ட்ரோலரும் வேண்டும். வேகம் குறையும் அளவுக்கேற்ப ட்ரெய்லர் பிறேக்கை ஏற்றி இறக்கும் வகையே மலைக்கு உகந்தது. எல்லாத் தடவையும் ஒரே அளவில் பிடிக்கும் மலிவு வகை ஈர வளைவில் ட்ரெய்லர் சில்லைப் பூட்டிவிடும். 30,000 டொலருக்கு ட்ரெய்லர் வாங்கியவர் கன்ட்ரோலருக்குச் செலவழிக்கத் தயங்குவது யானை வாங்கியவன் அங்குசம் வாங்க யோசித்த கதை.

கன்ட்ரோலரைப் பொருத்தினால் போதாது, அளவு வைக்க வேண்டும். வெறுமையான, காய்ந்த, சமதரை வாகனத் தரிப்பிடத்தில் மணிக்கு 40 கிலோமீற்றரில் போய், காலால் பிறேக் மிதிக்காமல் கன்ட்ரோலரின் கைப்பிடியை மட்டும் முழுவதும் தள்ளுங்கள். ட்ரெய்லர் பின்னால் நன்றாகப் பிடித்திழுப்பது தெரிய வேண்டும், ஆனால் சில்லு பூட்டி வழுக்கக் கூடாது. பூட்டினால், பிடிக்கும் வலுவைக் காட்டும் ‘கெயின்’ எண்ணைக் குறையுங்கள், அசைவே தெரியாவிட்டால் கூட்டுங்கள். சாமான் ஏற்றியபின் இதைத் திரும்பச் செய்ய வேண்டும்; வெறும் ட்ரெய்லருக்கு வைத்த அளவு பாரம் ஏறியதுக்குப் போதாது. எண்ணை உச்சத்துக்கு ஏற்றியும் பிடிக்கவில்லை என்றால் கன்ட்ரோலரில் பிழை தேடுவதற்கு முன் ட்ரெய்லரின் பிறேக் டிரம்மைப் பாருங்கள். பல சிறிய ட்ரெய்லர்களில் பிறேக் தானாக இறுகிக்கொள்ளாது. ஏறத்தாழ 5,000 கிலோமீற்றருக்கு ஒருமுறை ஜாக்கியில் தூக்கி, பின்புறத் துளை வழியாக நட்சத்திரப் பல்லைத் திருப்பி, சில்லு இலேசாக உரசும் அளவுக்கு இறுக்க வேண்டும். ரொறன்ரோவிலிருந்து வன்கூவர் போய்வருவது 8,500 கிலோமீற்றருக்கு மேல். பாதி வழியில் ஒருமுறை இதைச் செய்யாமல் தீராது.

ட்ரெய்லர் கழன்றால் தானாக பிறேக் பிடிக்கச் செய்யும் சிறிய கம்பியைப் பாதுகாப்புச் சங்கிலியிலோ ஹிட்ச் பந்திலோ மாட்டக் கூடாது. அவையே கழன்றால் கம்பியும் கூடவே போய்விடும். எஸ்யூவியின் சட்டத்தில் தனியாக மாட்டுங்கள். அந்தக் கம்பியின் முனையிலுள்ள ஊசியை இழுத்துப் பார்த்து ட்ரெய்லர் பிடிக்கிறதா என்று சோதித்து உடனே திரும்பச் செருகிவிடுங்கள். இழுத்தபடி விட்டால் பட்டரி தீரும், பிறேக் காந்தமும் சூடேறும். சங்கிலிகள் ஒன்றையொன்று குறுக்கிட்டுப் போனால், ட்ரெய்லரின் மூக்கு தரையில் விழாமல் அவற்றின்மேல் தங்கும்.

ஏற்றத்தைப் பற்றி நீட்டத் தேவையில்லை. டர்போ இல்லாத எஞ்சின் 300 மீற்றர் ஏறும்போது சுமார் 3 வீத வலுவை இழக்கும். 295 குதிரைவலு என்று எழுதியிருப்பது, ஜாஸ்பர் போகும் வீதியின் உச்சியான 2,069 மீற்றர் போ சமிட்டில் 235 அளவில்தான் இருக்கும். அதனால் தப்பில்லை, மெதுவாக ஏறுங்கள். வலப்பக்கத் தடத்தில் 60, 70இல், தேவையானால் அபாய விளக்குகளைப் போட்டுக்கொண்டு. க்ரூஸ் கன்ட்ரோலை நிறுத்திவிடுங்கள். அது ஒரே வேகத்தைப் பிடிக்க கியரை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டே இருக்கும். உயர் கியரில் எஞ்சினைத் திணறவிடுவதைவிட, கியரைக் குறைத்து நிமிடத்துக்கு 3,500, 4,000 சுற்றில் ஓடவிடுவது கியர்பெட்டிக்கு நல்லது. திணறும்போது, எஞ்சின் வலுவைக் கியர்பெட்டிக்குக் கடத்தும் கன்வேட்டர் வழுக்கும், அந்த வழுக்கலே கியர் எண்ணெயைச் சூடாக்குகிறது. 104 பாகை தாண்டினால் கவனம், 120 பாகை தாண்டினால் ஒதுங்க வேண்டும். பல எஸ்யூவிகளில் இந்தச் சூட்டைக் காட்டும் மானி இல்லை. ஸ்டியரிங்குக்குக் கீழுள்ள, கராஜில் பழுது பார்க்கப் பயன்படுத்தும் ஓபிடி சொக்கட்டில் செருகி கைபேசியில் பார்க்கும் சிறு கருவி போதும். எஞ்சின் சூடேறினால் ஏசியை நிறுத்தி ஹீட்டரை முழுவதும் போடுங்கள். ஒதுங்கியதும் எஞ்சினை உடனே நிறுத்தாமல், பார்க்கில் போட்டு 1,200 சுற்றில் சில நிமிடம் ஓடவிட்டால் சூடு இறங்கும்.

இனி இறக்கம். மேலே சொன்ன குடும்பமும் எஸ்யூவியும் ட்ரெய்லரும் சேர்ந்து ஏறத்தாழ 4,300 கிலோ. கணவாயிலிருந்து ஃபீல்ட் வரை அது இறங்கும்போது வெளிப்படும் சக்தி, 45 லீற்றர் குளிர்ந்த நீரைக் கொதிக்க வைக்கப் போதுமானது. வன்கூவர் போகும் வழியிலுள்ள கோகிஹாலா நெடுஞ்சாலையின் 1,244 மீற்றர் உச்சியிலிருந்து, கடல் மட்டத்தோடு ஒட்டிய ஹோப் வரை 1,200 மீற்றர் இறங்குவதற்கு இதே கணக்கு 150 லீற்றர். காற்றும் ரயரும் ஒரு பங்கை வாங்கிக்கொள்ளும். மீதியை ஒன்றில் எஞ்சின் வாங்க வேண்டும், அல்லது பிறேக் தட்டுகள் வாங்க வேண்டும். தட்டு வாங்கினால் அது சூடாகத்தான் மாறும், போக வேறு இடமில்லை.

அதனால் கியரை உச்சியிலேயே குறைத்துக்கொள்ளுங்கள், இறங்கத் தொடங்கியபின் அல்ல. ஏறியதற்குப் பிடித்த கியர் அல்லது அதற்கு ஒன்று கீழே. சில வாகனங்களில் ‘எஸ்’ நிலையில் தெரியும் 4 என்ற எண், நாலாம் கியருக்கு மேலே போகாதே என்ற கட்டளைதான்; நாலிலேயே நிற்கும் என்ற உறுதி அல்ல. எஞ்சின் 4,000 சுற்றில் இரைவதைக் கேட்டுப் பயந்து கியரைக் கூட்டிவிடுகிறவர்கள் அதிகம். 6,000 தாண்டித்தான் சிவப்புக் கோடு. இன்னொன்று, ஆக்சிலரேட்டரை விட்டு இறங்கும்போது பெற்றோல் தெளிக்கும் இன்ஜெக்டர்கள் மூடிவிடும். அந்த இரைச்சலுக்கு ஒரு துளி பெற்றோல் செலவில்லை.

எஞ்சின் பிடித்தும் வேகம் ஏறினால், பிறேக்கை இலேசாக மிதித்தபடியே இறங்குவதுதான் மிகக் கெட்ட வழக்கம். 70 என்று முடிவெடுத்தால், 70 வந்ததும் அழுத்தமாக மிதித்து 60க்குக் கொண்டுவந்து காலை முற்றாக எடுங்கள். மறுபடி 70 வரும்வரை தட்டுகளில் காற்றுப் படட்டும். பிறகு மறுபடி. இடைவெளி குறைந்துகொண்டே வந்தால் கியர் போதாது என்று அர்த்தம். 60இல் இருக்கும்போது இன்னொரு கியர் குறையுங்கள்.

பிறேக் கெடுவது இரண்டு விதம், கால் அதை உணரும். மிதி கல்லுப்போல் இறுகியிருந்தும் வாகனம் நிற்கவில்லை என்றால் பிறேக் பாட் எரிந்து பிடிமானம் போய்விட்டது. கருகிய மணம் முன்பே வந்திருக்கும். மிதி பஞ்சுபோல் உள்ளே போனால் பிறேக் எண்ணெய் கொதித்துக் குமிழி விட்டிருக்கிறது. புதிய டொட் 3 எண்ணெய் 205 பாகையில் கொதிக்கும்; ஈரத்தை உறிஞ்சிப் பழையதானால் 140 பாகையிலேயே கொதிக்கலாம். மூன்று வருடம் மாற்றாத எண்ணெயோடு மலைக்குப் போகக் கூடாது. கராஜில் ‘பாட் நல்லா இருக்கு’ என்று சொன்னால் எண்ணெயைப் பற்றியும் கேளுங்கள். சூடேறிய பிறேக்கோடு நின்றால் கைபிறேக்கை இழுக்காமல், பார்க்கில் போட்டுச் சில்லுக்குக் கட்டை வையுங்கள்; அரை மணி நேரம் ஆறவிடுங்கள், தண்ணீர் ஊற்றக் கூடாது.

எம்மவரிடம் ஹைபிரிட் அதிகம் என்பதால் அதற்கும் இரண்டு வரி. ஹைலாண்டர் ஹைபிரிட்டின் எல்லை 3,500 இறாத்தல், 2025 மொடல் வரையான ராவ்4 ஹைபிரிட்டுக்கு 1,750 மட்டும். இறங்கும்போது மோட்டர் பட்டரியை நிரப்பிப் பிறேக் போல உதவும். நீண்ட இறக்கத்தில் பாதி வழியிலேயே பட்டரி நிறைந்து அந்த உதவி நின்றுபோகும். கியரை, மொடலைப் பொறுத்து, ‘S’ நிலையில் வைத்துக் குறைத்தால் அல்லது ‘B’ நிலையில் (பார்க் அல்ல) வைத்தால் எஞ்சின் சுழன்று சக்தியைக் கொட்டும். திடீரென்று அது இரைந்தால் பழுதல்ல.

வழியோரத்தில் ‘றன்அவே லேன்’ என்று எழுதி, மேட்டை நோக்கிப் போகும் சரளைக்கல் பாதைகளைக் காண்பீர்கள். லொறிகளுக்கு மட்டும் என்று நினைக்க வேண்டாம். பிறேக் போய்விட்டால் ஸ்டியரிங்கை நேராகப் பிடித்து நடுவால் உள்ளே விடுங்கள். ஆழமான சரளை சில்லுகளைப் புதைத்து நிறுத்தும். இழுத்தெடுக்கக் காசு போகும், அது பரவாயில்லை. அதன் வாசலில் வாகனத்தை நிறுத்திப் படமெடுக்கிறவர்களை ஒவ்வொரு கோடையும் பார்க்கலாம். பின்னால் 60 தொன் லொறி ஒன்று பிறேக் இல்லாமல் வரக்கூடிய இடம் அது என்று யாராவது அவர்களுக்குச் சொல்ல வேண்டும்.

ட்ரெய்லர் பாம்புபோல் வாலாட்டுவதும் இறக்கத்தில்தான் கூடுதல். காரணம் பெரும்பாலும் பின்பாரம்: பின்பக்கத் தாங்கியில் நாலு சைக்கிள், அச்சுக்குப் பின்னால் இருக்கும் கழிவுநீர்த் தொட்டி நிறைந்தது, முன்தொட்டியில் நல்ல தண்ணீர் தீர்ந்தது. புறப்பட்ட நாள் 12 வீதமாக இருந்த முன்பாரம் மூன்றாம் நாள் 8 வீதமாகியிருக்கும். ஆகவே முகாமை விட்டுக் கிளம்பும்போதே கழிவுநீரைக் கொட்டிவிடுங்கள். பெரிய லொறி முந்தும்போது அதன் காற்று முதலில் வாலைத் தள்ளி ஆட்டத்தைத் தொடக்கும். ஆடத் தொடங்கினால் ஆக்சிலரேட்டரை விட்டு, ஸ்டியரிங்கை நேராகப் பிடித்து, கன்ட்ரோலரின் கைப்பிடியால் ட்ரெய்லர் பிறேக்கை மட்டும் பிடியுங்கள். எஸ்யூவியின் பிறேக்கை மிதித்தால் பின்னாலிருப்பது முன்னால் தள்ளிக்கொண்டு வரும். எதிர்ப்பக்கம் திருப்பித் திருப்பிச் சரிக்கட்ட முயல்வது ஆட்டத்தை வளர்க்கும்.

ட்ரெய்லர் ரயர்கள் தேய்வதற்கு முன்பே வயதாகிச் சாகும். பக்கத்தில் ‘DOT’ என்று தொடங்கும் இலக்கங்களின் கடைசி நான்கு எண்களைப் பாருங்கள்: 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரம். ஆறு வருடத்தைத் தாண்டியவற்றோடு மலைக்குப் போக வேண்டாம். காற்று, ரயரின் பக்கத்தில் எழுதிய அளவுக்கு, காலையில் ஓடுவதற்கு முன். பல சிறிய ட்ரெய்லர்களில் அது 50 அல்லது 65 பிஎஸ்ஐ. வெயிலில் ஓடி ஏறிய காற்றைத் திறந்துவிடாதீர்கள். சில்லு நட்டுகளை டோர்க் திறப்பால் இறுக்கி, முதல் 80 கிலோமீற்றரில் மறுபடி பாருங்கள். தரிக்கும் இடங்களில் சில்லின் நடுவைக் கையால் கிட்டப் பிடித்துப் பார்க்கும்போது, மற்றவற்றைவிட ஒன்று மட்டும் சுட்டால் பேரிங் அல்லது ஒட்டிக்கொண்ட பிறேக். இறங்கி முடித்தவுடன் எல்லாமே சுடும், அதை வைத்துத் தீர்மானிக்கக் கூடாது.

கட்டுரையில் சொன்ன இடங்கள் சிலவற்றுக்கும் திருத்தம் தேவை. யோஹோ தேசியப் பூங்காவில் டக்ககாவ் அருவிக்குப் போகும் வீதியில் கொண்டையூசி வளைவுகள் இருப்பதால் ட்ரெய்லர்களை விடமாட்டார்கள். கீழே கழற்றி வைத்துவிட்டுத்தான் போக வேண்டும். மொரெய்ன் ஏரிக்கு 2023 முதல் சொந்த வாகனத்தில் போக முடியாது, பஸ்தான். ஜாஸ்பர் போகும் ஐஸ்ஃபீல்ட்ஸ் பார்க்வேயில் 230 கிலோமீற்றருக்கு இடையே சஸ்காச்சுவான் றிவர் க்ரொஸிங்கில் மட்டுமே பெற்றோல் உண்டு, கைபேசிச் சிக்னல் பெரும்பாலும் இல்லை. கோல்டனிலிருந்து றொஜர்ஸ் கணவாய் வழியாக றெவல்ஸ்டோக் வரையான 148 கிலோமீற்றருக்கும் கோல்டனிலேயே நிரப்பிக்கொள்ளுங்கள். தனியே 100 கிலோமீற்றருக்கு 10 லீற்றர் குடிக்கும் எஸ்யூவி, ட்ரெய்லரோடு 18 முதல் 22 வரை குடிக்கும். கோல்டனுக்குக் கிழக்கே பள்ளத்தாக்கு வீதி 2023இல் நாலு தடமாகிவிட்டதால் முன்பிருந்த நெருக்கடி அங்கே இல்லை. கம்லூப்ஸிலிருந்து வன்கூவருக்கு கோகிஹாலாதான் வேகமான வழி. ஆனால் எல்லையை ஒட்டிப் பாரம் ஏற்றியவர்கள் ஃப்ரேசர் பள்ளத்தாக்கு வழியாகப் போகும் பழைய 1ஆம் இலக்க நெடுஞ்சாலையை எடுத்தால், நேரம் கூடினாலும் அப்படியொரு நீண்ட இறக்கம் இராது. ஒக்ரோபர் 1 முதல் பிரிட்டிஷ் கொலம்பியாவின் மலை வீதிகளில் குளிர்கால ரயர் கட்டாயம். நன்றிகூறல் விடுமுறைக்குப் போகிறவர்கள் இதை மறக்கிறார்கள்.

ஒத்திகை பார்க்க றொக்கி மலைவரை காத்திருக்கத் தேவையில்லை. சூ செயின்ற் மரீயிலிருந்து வடக்கே 17ஆம் இலக்க நெடுஞ்சாலையில் மொன்றியல் றிவர் ஏற்றம் இருக்கிறது. கியர் குறைத்தல், மிதித்து விடுதல், கன்ட்ரோலர் அளவு எல்லாவற்றையும் அங்கேயே பழகலாம். அங்கே கருகிய மணம் வந்தால் தண்டர் பேயில் ஒரு கராஜைப் பாருங்கள், சாமானில் 100 கிலோவை இறக்குங்கள்.

கடைசியாக ஆசிரியருக்கு ஒரு வேண்டுகோள். ட்ரெய்லர் வாடகை விளம்பரங்களில் ‘எந்த எஸ்யூவியும் இழுக்கும்’ என்று வருவதை அச்சிடும் முன், ட்ரெய்லரின் வெறும் பாரம், அதிகபட்ச மொத்தப் பாரம், பிறேக் உண்டா, எத்தனை முனைச் சொக்கட் என்ற நாலையும் போடச் சொல்லுங்கள். ஒரு அங்குல இடம்தான் கூடும்.

இப்படிக்கு,
ஸ்காபரோ வாசகர் ஒருவர்